ஒரு ஓட்டு, 38 நாள்: ஐடஹோவும் கடல் கடந்த ஜீவனாம்சமும்

2015 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகர் பாய்ஸியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடியப்போகும் நேரம். உறுப்பினர்களுக்கு ஊர் திரும்பும் அவசரம். கீழவையின் நீதி, விதிகள், நிர்வாகக் குழுவின் மேசையில் 1067 என்று எண்ணிட்ட ஒரு மசோதா கிடந்தது. மேலவையில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றி அனுப்பியது. பெயரைப் படித்தாலே கொட்டாவி வரும்: மாநிலங்களுக்கிடையிலான ஒருசீர் குடும்பப் பராமரிப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டுத் திருத்தம். இங்கேயும் சத்தமில்லாமல் தாண்டியிருக்க வேண்டிய மசோதா. தாண்டவில்லை. 9 பேர் கிடப்பில் போடு என்றார்கள், 8 பேர் கூடாது என்றார்கள். கடைசி நேரத்தில் கிடப்பில் போடுவது என்றால் புதைப்பதுதான். மறுநாள் விடிவதற்குள் கூட்டத்தொடர் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஒரு ஓட்டு வித்தியாசம், ஐடஹோவில் பிள்ளைகளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணத்தின் வழியையே அடைக்கப் பார்த்தது. அமெரிக்கா ஒரு சர்வதேச உடன்படிக்கையில் சேர்வதற்கும் குறுக்கே நின்றது. கடல் தாண்டிய ஜீவனாம்ச உத்தரவுகளைப் பற்றிப் பேச இந்த விவகாரத்தை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இத்தகைய உத்தரவு எங்கே சிக்கும் என்று ஆட்கள் பயப்படுகிறார்களோ அங்கே அது சிக்குவதில்லை. பாய்ஸியில் அவர்கள் பயந்த கதவில் ஏற்கெனவே பூட்டு தொங்கியது. நிஜமான சிக்கல் 1973-இல் நியூயார்க்கில் வாங்கிய ஒரு விமான டிக்கெட்டில் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சொல். நம் ஊர் நீதிமன்றங்களில் மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே ஜீவனாம்சம் என்கிறோம். இலங்கைத் தமிழர் தாபரிப்பு என்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் பிள்ளைக்கான தொகை தனி, துணைக்கான தொகை தனி. இங்கே நான் பேசுவது முழுக்கப் பிள்ளைக்கானதைப் பற்றி.

மசோதாவின் பெரும்பகுதி ஐடஹோவுக்குப் புதியதே அல்ல. 1996-இல் வந்த மத்திய நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், மாநிலங்களுக்கிடையே ஜீவனாம்சம் வசூலிக்கும் இந்த ஒருசீர் சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்றாக வேண்டும், இல்லாவிட்டால் மானியம் இல்லை என்று சொல்லியிருந்தது. எல்லோரும் ஏற்றார்கள். நெவாடாவில் வாங்கிய உத்தரவு ஐடஹோவில் செல்லும், ஐடஹோ உத்தரவு டெக்சாஸில் செல்லும். 2008 திருத்தத்தில் புதிதாக வந்தது ஏழாவது அத்தியாயம். 2007 நவம்பர் 23 அன்று ஹேக் நகரில் முடிவான, பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையை நாடு விட்டு நாடு வசூலிக்கும் உடன்படிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவரும் அத்தியாயம் அது. அமெரிக்கா அன்றே கையெழுத்துப் போட்டது. 2010-இல் செனட் ஒப்புதல் தந்தது. ஆனால் குடும்பச் சட்டம் மாநிலங்களின் கையில் இருப்பதால், ஐம்பது மாநிலமும் இந்தத் திருத்தத்தை ஏற்ற பிறகே நாடு முறைப்படி சேர முடியும் என்ற நிலை. 2014 செப்டம்பர் 29 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் மாநிலங்களுக்கு அந்தக் கட்டாயத்தை விதித்தது.

குழுவின் முன் வந்து பேசியவர் ஷெரில் நக்ஸால். காட்டன்வுட் என்ற சிற்றூரைச் சேர்ந்த மேலவை உறுப்பினர், குடியரசுக் கட்சிக்காரர். இந்த மசோதா நிறைவேறினால் ஷரியா நீதிமன்றங்களின் உத்தரவுகளை ஐடஹோ நிறைவேற்ற வேண்டிவரலாம் என்பது அவர் அச்சம். உடன்படிக்கையில் இருக்கும் சில நாடுகள் அத்தகைய மன்றங்களை மறைமுகமாக ஏற்கின்றன என்றார். குழுவில் வேறு சிலருக்கு வேறு கோபம்: வாஷிங்டன் பணத்தைக் காட்டி மிரட்டுகிறது என்று. இந்த இரண்டாவது கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மானியத்தைப் பிடித்துவைத்து மாநிலத்தின் கையை முறுக்குவது என்னவென்று நமக்கும் தெரியும்.

ஆனால் முதல் அச்சம்? அந்த மாதத்தில் உடன்படிக்கை நடைமுறையில் இருந்த இடங்கள் நோர்வே, அல்பேனியா, போஸ்னியா, உக்ரைன், டென்மார்க் நீங்கலாக ஐரோப்பிய ஒன்றியம். அவ்வளவுதான். அல்பேனியாவிலும் போஸ்னியாவிலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள், உண்மை. இரண்டுமே மதச்சார்பற்ற சிவில் சட்டம் நடக்கும் நாடுகள். இதையெல்லாம் விடுங்கள், உடன்படிக்கையின் 22-ஆவது பிரிவைத் திறந்தால் முதல் வரியிலேயே விடை இருக்கிறது: உத்தரவை ஏற்பது தன் நாட்டின் பொதுக் கொள்கைக்கு அப்பட்டமாக முரண்படுமானால் ஏற்க மறுக்கலாம். ஐடஹோ மசோதா அதை இன்னும் விரித்து, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் தராமல், பேச வாய்ப்புத் தராமல் போட்ட உத்தரவையும் இதே காரணத்தின் கீழ் கொண்டுவந்தது. ஐடஹோ நீதிபதி ‘முடியாது’ என்று சொல்வதற்கான வாசகம், தோற்கடித்த மசோதாவுக்குள்ளேயே அச்சாகியிருந்தது. அதைப் படிக்கத்தான் அன்று நேரமில்லை போலும்.

டிக்கெட் கதை

சரி, அமெரிக்காவுக்கும் இந்த உடன்படிக்கைக்கும் நடுவே நிஜமாக நின்றது எது? அதற்கு 1978-ஆம் ஆண்டின் குல்கோ வழக்குக்குப் போக வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு. அது நாடு விட்டு நாடு போன வழக்குகூட இல்லை, நியூயார்க்குக்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவே நடந்தது.

கணவன், மனைவி இருவரும் நியூயார்க்வாசிகள். 1959-இல் அவர் ராணுவப் பணிக்காகக் கொரியா போகும் வழியில் கலிபோர்னியாவில் மூன்று நாள் தங்கினார். அப்போது அங்கே கல்யாணம். அப்புறம் நியூயார்க்கில் குடித்தனம், ஒரு மகன், ஒரு மகள். 1972-இல் பிரிந்தார்கள். தாய் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். பள்ளி நாட்களில் பிள்ளைகள் தந்தையிடம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறைகளில் தாயிடம், அந்த நாட்களுக்காக ஆண்டுக்கு 3,000 டாலர் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். தாய் ஹைட்டி வரை போய் விவாகரத்து வாங்கிவந்தார்.

1973 டிசம்பர். விடுமுறைக்குக் கிளம்பும் முன் மகள் தந்தையிடம் சொல்கிறாள்: இனி அம்மாவுடனேயே இருக்க ஆசை. தந்தை சம்மதித்தார். போக மட்டும் டிக்கெட் எடுத்தார், திரும்பி வர எடுக்கவில்லை. அவள் தன் துணிமணிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். 1976 ஜனவரியில் மகன் தாய்க்குப் போன் செய்து தானும் வருவதாகச் சொன்னான். தந்தைக்குத் தெரியாமல் தாய் டிக்கெட் அனுப்பினார், அவனும் போய்விட்டான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, தாய் கலிபோர்னியா நீதிமன்றத்தில் கூடுதல் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டார்.

கேள்வி ஒன்றே ஒன்று. கலிபோர்னியாவில் வசிக்காத, அங்கே தொழிலோ சொத்தோ இல்லாத இந்த மனிதர் மேல் அந்த மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? மகளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பியதே போதும் என்றது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம். போதாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். குடும்ப அமைதிக்காக மகளின் ஆசைக்கு இணங்கிய ஒரு தந்தையை அதற்காகவே மூவாயிரம் மைல் தள்ளிப்போய் வழக்காட வைப்பது நியாயமல்ல என்பது தீர்ப்பின் சாரம். தாய்க்கு வழியே இல்லை என்றும் விடவில்லை. கலிபோர்னியாவில் இருந்தபடியே மனு கொடுத்து, அது நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்மானமாகும் ஏற்பாடு மாநிலங்களுக்கிடையே உண்டு என்று சுட்டிக்காட்டினார்.

தீர்ப்பு சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். எனக்கு அந்தத் தந்தை மேல் கொஞ்சம் பரிவு உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் ஜீவனாம்ச உத்தரவு செல்ல வேண்டுமானால், பணம் தர வேண்டியவருக்கும் உத்தரவு போட்ட இடத்துக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருந்தாக வேண்டும். ஐரோப்பாவில் கணக்கு தலைகீழ். பிள்ளை எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அவ்வளவுதான். தந்தை அந்த நாட்டு மண்ணை மிதித்திருக்கவே தேவையில்லை. 2003 முதல் 2007 வரை ஹேக்கில் நடந்த பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் முட்டிக்கொண்ட இடங்களில் முக்கியமானது இது.

முடிவில் எழுதிய 20-ஆவது பிரிவை நான் மெச்சுகிறேன். பிள்ளை வசிக்கும் இடத்தை வைத்து மட்டும் வந்த அதிகாரத்தை ஏற்கமாட்டோம் என்று ஒரு நாடு எழுதிக்கொடுக்கலாம். அமெரிக்கா அப்படித்தான் எழுதிக்கொடுத்தது. ஆனால் எழுதிக்கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டு நீதிமன்றம் என்ன காரணம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் தன் சட்டப்படி அதிகாரம் வந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். வந்திருக்கும் என்றால் ஏற்க வேண்டும். வந்திருக்காது என்றால், அந்தப் பிள்ளைக்காகத் தானே புது உத்தரவு ஒன்றை வாங்கித்தர எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை உண்டா என்ற கேள்வியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவும் கூடாது, எவ்வளவு என்பதுதான் பாக்கி.

ஒரு உத்தரவின் பயணம்

இது நடைமுறையில் எப்படி ஓடும்? ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு தாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தை பாய்ஸியில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். மாதம் 400 யூரோ என்று வலென்சியா நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அவர் ஆஜராகவில்லை.

தாய் வக்கீல் பிடித்துக்கொண்டு அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஸ்பெயினில் இதற்கென நியமித்த மைய அதிகார அமைப்பில் மனு கொடுப்பார். உத்தரவின் முழு நகல், அது அங்கே நிறைவேற்றத்தக்கது என்ற சான்று, தந்தைக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான சான்று, எந்தத் தேதி வரை எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, ஆங்கில மொழிபெயர்ப்பு. இவை ஐடஹோவின் சுகாதார நலத்துறையில் உள்ள ஜீவனாம்சப் பிரிவுக்கு வந்து சேரும். ஆறு வாரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போட வேண்டும். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிலவரம் சொல்ல வேண்டும். 21 வயதுக்குட்பட்டவருக்கான மனு என்றால் சட்ட உதவி இலவசம். பாதிப் பேர் கைவிட்டுப் போவதே செலவுக்குப் பயந்துதான், அதனால் இந்த ஒரு விதியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

பாய்ஸி நீதிமன்றத்தில் உத்தரவைப் பதிவு செய்ததும் தந்தைக்குத் தகவல் போகும். எதிர்க்க 30 நாள் அவகாசம், வேறு நாட்டில் வசிப்பவரானால் 60 நாள். என்ன சொல்லி எதிர்க்கலாம்? நோட்டீஸ் வரவில்லை, உத்தரவு மோசடி, பணம் கட்டிவிட்டேன், பொதுக் கொள்கைக்கு முரண், இப்படிச் சில. தொகை அதிகம் என்று சொல்ல முடியாது, அதை வலென்சியா தீர்மானித்துவிட்டது. ‘பிள்ளையைக் கண்ணிலேயே காட்டமாட்டேன் என்கிறாள், நான் ஏன் தர வேண்டும்’ என்பது உலகம் முழுக்க எல்லா மொழியிலும் கேட்கும் வாதம். அதுவும் செல்லாது. பார்க்கும் உரிமை தனி வழக்கு, சோற்றுப் பணம் தனி வழக்கு. வேலை போய்விட்டது, குறைக்க வேண்டும் என்றாலும், தாய் அங்கேயே வசிக்கும் வரை பொதுவாக அவர் வலென்சியாவிடம்தான் கேட்க வேண்டும்.

அதிகார வரம்பு? அவர் ஒரு காலத்தில் வலென்சியாவில் அந்தப் பிள்ளையோடு குடியிருந்தவர் என்றால் அமெரிக்கச் சட்டத்துக்கு அதுவே போதும். ஸ்பெயினுக்கே போகாதவர், அமெரிக்காவில் பிரிந்து தாய் அங்கே போன பிறகு பிறந்த பிள்ளை என்றால் குல்கோ வழக்கு குறுக்கே வரும். அப்போது ஐடஹோ தானே புது உத்தரவு போடும்.

பதிவு முடிந்ததும் சம்பளத்தில் பிடித்தம். 400 யூரோவை அன்றைய சந்தை மாற்று விகிதத்தில் டாலராக்கி, முதலாளி சம்பளம் தரும்போதே பிடித்து மாநிலக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். பிடித்தம் போக அவர் சாப்பிடவும் வேண்டுமே, அதனால் மத்தியச் சட்டம் கைச்சம்பளத்தில் பாதி முதல் 65 சதவீதம் வரை ஆளின் நிலைமையைப் பார்த்து உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிடங்கு வேலையை விட்டு ஆரிகனுக்கு ஓடினால்? அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த 20 நாளுக்குள் முதலாளி அவர் பெயரை மாநிலத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், அது தேசியப் பதிவேட்டுக்குப் போகும், அங்கே பாக்கிதாரர் பட்டியலோடு கணினி ஒப்பிடும். வருமான வரித் திருப்பித் தொகையைப் பிடிக்கலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்கக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இந்தக் கடைசி விதி வந்த பிறகு, வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தின வாரம் முழுப் பாக்கியையும் ஒரே தவணையில் கட்டியவர்கள் உண்டு.

ஏப்ரல் 10 அன்று அந்த 9 பேர் அடைக்கப் பார்த்தது இந்தக் குழாயைத்தான். வெளிநாட்டு மனுக்கள் ஐடஹோவுக்கு வருவது கொஞ்சம். ஆனால் தேசியப் பதிவேடு, இருப்பிடம் தேடும் சேவை, வரித் திருப்பிப் பிடித்தம் எல்லாம் மத்திய அரசின் கையில் உள்ளவை. திருத்தத்தை ஏற்காத மாநிலத்துக்கு அவை இல்லை. ஐடஹோ தாய், ஐடஹோ தந்தை, ஐடஹோ உத்தரவு என்று இருக்கும் உள்ளூர் வழக்குகூட, தந்தை மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் இருட்டில் தேடும் கதையாகிவிடும். பணக் கணக்கும் இருந்தது: வசூல் துறைக்கு வரும் 16 மில்லியன் டாலர், ஏழைக் குடும்பங்களுக்கான உதவியில் 30 மில்லியன், ஆக மொத்தம் 46 மில்லியன். அன்றைய மதிப்பில் சுமார் 290 கோடி ரூபாய். மத்திய அரசு ஜூன் 12 வரை கெடு கொடுத்தது.

மே 18

ஐடஹோவில் அப்போது சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டும் அதிகாரம் ஆளுநருக்கு மட்டுமே இருந்தது. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சரைப் போல. புட்ச் ஓட்டர், அவரும் குடியரசுக் கட்சி. மே 18, திங்கட்கிழமை, இந்த ஒரே வேலைக்காக எல்லோரையும் திரும்ப வரவழைத்தார். அதே சட்டம், புது எண். கீழவையில் 49–21, மேலவையில் 33–2. அன்றே கையெழுத்துப் போட்டார்.

நடுவே போன 38 நாளில் ஒரு பிள்ளையின் பணமும் நின்றதாக யாரும் சொல்லவில்லை. கெடுவுக்குள் முடிந்துவிட்டது. ஆனால் 9–8 என்பது எவ்வளவு மெல்லிய நூல்! மாநில நீதிபதியிடம் இருக்கும் மறுக்கும் உரிமையை அங்கே வாசித்துக் காட்ட ஒரு பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இந்தச் சிறப்புக் கூட்டத்தொடரே வேண்டியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மத்திய அரசு விளக்கத்தை முன்பே அனுப்பாமல் கெடுவை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

2016 ஆகஸ்ட் 30 அன்று ஒபாமா ஏற்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார். செப்டம்பர் 7 அன்று ஆவணம் ஒப்படைக்கப்பட்டது. 2017 ஜனவரி 1 முதல் உடன்படிக்கை அமெரிக்காவைக் கட்டுப்படுத்துகிறது.

இதைப் படிக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கு அடுத்து வரும் கேள்வி தெரிந்ததே: மாப்பிள்ளை அமெரிக்காவில், உத்தரவு இங்கே குடும்ப நீதிமன்றத்தில், அப்போ என்ன? இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. இலங்கையும் சேரவில்லை. எனவே ஆறு வாரம், மூன்று மாதம், இலவச உதவி எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. கதவு முழுக்க மூடியும் இல்லை. ஐடஹோ ஏற்ற அதே ஒருசீர் சட்டம், உடன்படிக்கையில் இல்லாத நாட்டு உத்தரவையும் நட்பு முறையில், அதாவது நீதிமன்றங்கள் ஒன்றையொன்று மதிக்கும் வழக்கப்படி, ஏற்க நீதிபதிக்கு இடம் தருகிறது. கட்டாயம் இல்லை, விருப்புரிமை. அங்கே ஒரு வக்கீல் வேண்டும், செலவு நம்முடையது.

அந்த நீதிபதி முதலில் தேடுவதும் மே 18 சட்டத்தில் எழுதியிருக்கும் அதே விஷயத்தைத்தான்: எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போனதா, பேச வாய்ப்பு இருந்ததா? நம் ஊரில் எக்ஸ்பார்ட்டி உத்தரவு, அதாவது எதிர்த் தரப்பு வராமலே போடும் உத்தரவு, வாங்குவது எளிது, அதைக் கடல் தாண்ட வைப்பது கஷ்டம் என்பதற்குக் காரணம் இதுதான். சம்மனை மாமியார் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு ‘சார்வு ஆயிற்று’ என்று குறித்த ஒரு தாள் பாய்ஸியில் எடுபடாது. அவர் குடியிருக்கும் அமெரிக்க முகவரிக்கே முறைப்படி சம்மன் போயிருக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததற்கான தாள் வழக்குக் கட்டுக்குள் இருக்க வேண்டும். உத்தரவு கைக்கு வந்த அன்றே நகல் மனு போடும்போது உத்தரவுக்கு மட்டும் போடாமல், அந்தச் சம்மன் தாளுக்கும் சேர்த்துச் சான்று நகல் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும்.